ராகுகாலத்துக்கு முன் பற்றவைத்த பாய்லர்

1. வெள்ளிக்கிழமை காலை

சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வருகிறது. பிறந்து மூன்று நாள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வீட்டுக்குள் நின்று பேசினால் வாயிலிருந்து புகை வந்தது.

2004 குளிர்காலம், நியூஜெர்ஸியில் எடிசன். நான் எட்டாவது வரை படித்தவன். சவுதியில் பைப் ஃபிட்டராக இருந்து, அல்லாஹ்வின் கிருபையால் இங்கே ஒரு ஹீட்டிங் கம்பெனியில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக என்னுடைய தவறு ஒன்றை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் சுந்தர், சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜர். அவர் வாங்கிய பழைய வீட்டின் பாய்லர் செத்துப்போனதால், முந்தின நாள்தான் புது கேஸ் பாய்லரை பேஸ்மென்ட் சுவரில் மாட்டியிருந்தேன். மாட்டுவது பாதி வேலை. மீதி கமிஷனிங், அதாவது சரிபார்த்து ஓடவிடுவது. கேஸ் லீக் பார்க்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும். ஆனால் முதலில் தண்ணீரைத் தயார் செய்ய வேண்டும். பாய்லர் சூடாக்கும் தண்ணீர்தான் வீடு முழுக்க, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களில் சுற்றி வருகிறது. பழைய இரும்பு ரேடியேட்டரில் பல வருடத் துரு இருக்கும். கிளீனர் மருந்து ஊற்றி, பம்ப் போட்டு மணிக்கணக்கில் சுற்றவிட்டு, தெளிவாக வரும்வரை வடிக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, துருப் பிடிக்காமலிருக்க இன்ஹிபிட்டர் ஊற்ற வேண்டும்.

ஒரு ஜாடியில் தண்ணீர் பிடித்து சுந்தரிடம் காட்டினேன்.

“என்ன பாய் இது, டிகாஷனா?”

“உங்க ரேடியேட்டர் தண்ணி சார். இது தெளியணும். சாயங்காலம் ஆயிடும்.”

“சாயங்காலமா? எங்க ஆஃபீஸ்ல எல்லாம் முதல்ல கோ-லைவ் பண்ணிடுவோம் பாய். இஷ்யூ வந்தா அப்புறம் ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்.”

“யாரு சார் ஃபிக்ஸ் பண்றது?”

“அதுக்குத்தான் சப்போர்ட் டீம் இருக்கே.”

அந்த சப்போர்ட் டீம் நான்தான் என்பது எனக்குப் பிற்பகலில்தான் புரிந்தது.

அவருடைய மாமனார் ராமசாமி அங்கிள், மகள் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தார். அந்தக் குளிரிலும் பச்சைத் தண்ணீரில் குளித்து, விபூதி பூசி, மங்கி கேப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“பாய், பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள பத்த வச்சிடுங்க.”

“மாமா, அது இந்தியா டைம்,” என்றார் சுந்தர்.

“ராகுவுக்கு விசா வேணுமா? இருக்கிற ஊர் சூரியன்தான் கணக்கு. இங்க பத்தரைன்னா இங்க பத்தரை.”

முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு ஒரு மணிக்கு ஜும்ஆ தொழுகை. ராகுகாலத்துக்கு முன்னால் முடித்தால் பள்ளிவாசலில் முதல் வரிசையில் இடம் கிடைக்கும் என்று என் மனசும் ஒரு கணக்குப் போட்டது.

கிளீனரைத் திறக்கவே இல்லை. ஒரே ஒரு தரம் வடித்தேன். கறுப்பு கொஞ்சம் பழுப்பானது. நிரப்பினேன், இன்ஹிபிட்டர் ஊற்றினேன். கேஸ் லைனில் காற்றை வெளியேற்றிக்கொண்டிருக்கும்போது திரும்பிப் பார்த்தால், அங்கிள் தட்டில் கற்பூரத்தோடு நிற்கிறார். கையில் தீப்பெட்டி.

“அங்கிள், அதைப் பத்த வச்சா நாம மூணு பேரும் ராகுகாலத்துக்கு முன்னாடியே போயிடுவோம்.”

அவர் மாடிக்குப் போய் ஏற்றினார். நான் பிஸ்மில்லாஹ் சொல்லி ஸ்விட்சைப் போட்டேன். பத்து மணி பத்து நிமிடத்துக்கு பாய்லருக்குள் நெருப்புப் பற்றியது. சுந்தர் கை தட்டினார். எனக்குக் கேசரி கிடைத்தது. கம்பெனிப் படிவத்தில் ‘தண்ணீர் தெளியும்வரை கழுவப்பட்டது’ என்று ஒரு கட்டம் உண்டு. கேசரிக் கையைத் துடைத்துக்கொண்டு அதில் டிக் போட்டேன்.

2. மூன்று தரம்

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளுச் செய்ய உட்கார்ந்தேன். நகக்கண்ணில் அந்த ரேடியேட்டர் கறுப்பு. ஒரு தரம் கழுவினேன், போகவில்லை. மூன்றாம் தரம் தேய்த்ததும் தண்ணீர் தெளிவாக ஓடியது. என் கைக்கு மூன்று தரம், அந்த வீட்டுப் பைப்புக்கு ஒரு தரம். அங்கிளும் குளித்துவிட்டுத்தான் கற்பூரம் ஏற்றினார். அவரும் சுத்தம், நானும் சுத்தம். கழுவாதது பைப் மட்டும்தான்.

அன்று முதல் வரிசையில்தான் இடம் கிடைத்தது. மனசு மட்டும் அந்த வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்தது.

வெளியே வந்து ஃபோனைத் திறந்தால் சுந்தரிடமிருந்து ஏழு மிஸ்டு கால். பாய்லர் கெட்டில் மாதிரி இரைந்து, சூடு எல்லை மீறி, தானாக நின்றுவிட்டது. புது பாய்லரின் உள்வழி குறுகல். நான் விட்டுவைத்த சேறு நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டது.

நான் போனபோது சுந்தர் லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார்.

“பாய்லர் டிஃபெக்ட்டுதானே பாய்? பாய்லர் செஞ்ச கம்பெனிக்கு எஸ்கலேட் பண்றேன். பேர் மட்டும் சொல்லுங்க.”

தப்பிக்க வழி திறந்தே இருந்தது. ஆனால் அதில் தப்பித்தால் நாளைக்குப் பிள்ளை குளிர்ந்த வீட்டுக்குள் வரும்.

“பாய்லர் நல்லாதான் இருக்கு சார். நான் பைப்பைக் கழுவல. கழுவினேன்னு டிக் போட்டுட்டேன்.”

அவர் லேப்டாப்பை மெதுவாக மூடினார். “நான்தான் அவசரப்படுத்தினேன்,” என்றார்.

“நீங்க அவசரப்படுத்தினீங்க. டிக் போட்டது என் கை.”

முதலாளிக்கும் ஃபோன் செய்து சொன்னேன். அவர் இத்தாலிக்காரர். திட்டியதில் பாதி அவர் பாஷையில் இருந்ததால் பாதிதான் வலித்தது.

பாய்லரின் உள்வழியில் தண்ணீரை எதிர்த்திசையில் விட்டுக் கழுவினேன். கிளீனர் ஊற்றி, பம்ப்பை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வந்து ஒவ்வொரு ரேடியேட்டராக வடித்தேன். சுந்தர் வாளி தூக்கினார். மேனேஜர் வாளி தூக்கி அன்றுதான் பார்த்தேன். பாதியை வழியில் சிந்தினாலும் தூக்கினார்.

3. ஒன்பது இருபது

ஜாடியில் தண்ணீர் கண்ணாடியாக வந்தது. இன்ஹிபிட்டர் ஊற்றி, பைப்பில் அடைபட்ட காற்றை எடுத்து, மணியைப் பார்த்தேன். ஒன்பது இருபது. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகுகாலம். பத்தரைக்குப் பற்றவைத்தால் பதினொன்றுக்கு வீடு சூடாகாது.

மூன்று பேரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தோம்.

“மாப்ள, சென்னையில இப்ப மணி என்ன?” என்றார் அங்கிள்.

“ராத்திரி எட்டு ஆகப்போகுது மாமா.”

“பின்ன என்ன? ராகுகாலம் எப்பவோ முடிஞ்சிடுச்சு. பத்த வைங்க பாய்.”

“நேத்து இந்த ஊர் சூரியன்தான் கணக்குன்னு...” என்று இழுத்தேன்.

“நேத்து பேத்தி ஆஸ்பத்திரியில இருந்தா. இன்னைக்கு வீட்டுக்கு வர்றா.”

பற்றவைத்தேன். சத்தமே இல்லை. பதினொரு மணிக்குப் பிள்ளையைக் கொண்டுவந்தபோது அங்கிள் மங்கி கேப்பைக் கழற்றியிருந்தார். தெளிந்த தண்ணீர் ஜாடியை அவர் சாமி அலமாரிக்குக் கொண்டுபோகப் பார்த்தார். மருந்து கலந்தது, தீர்த்தம் என்று யாராவது குடித்துவிடுவார்கள் என்று திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையில் நான் கமிஷனிங் எடுப்பதில்லை. முதல் வரிசைக்கு ஆசைப்பட்டு இன்னொருவர் வீட்டில் வேலையைக் குறைத்தால், அந்தத் தொழுகையில் நான் எதைக் கொண்டுபோய் நிற்பது? படிவத்தில் அந்தக் கட்டம் வரும்போது இன்றும் பேனாவை எடுக்குமுன் நகக்கண்ணைப் பார்த்துக்கொள்கிறேன்.