ஈரக் கையும் கறுவா எண்ணெயும்

கிண்ணியாவில் எனக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் குதிகால் வெடிப்புக்குக் கிரீம் செய்கிறார். அங்கே அக்காவை ராத்தா என்பார்கள். நகரத்திலிருந்து பாலத்தைக் கடந்து பஸ்ஸில் போகும் எனக்கும் அவர் ராத்தாதான். கற்றாழைச் சாறு, தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, கடைசியில் இலவங்கப்பட்டை மரமான கறுவாவின் இலை எண்ணெய் சில துளி. கெடாமல் காக்க வேறெதுவும் சேர்ப்பதில்லை என்பது அவருடைய பிடிவாதம். அந்த எண்ணெய் மட்டும் போதுமா என்று, நுண்ணுயிரியல் படித்தவள் என்பதால், என்னிடம் கேட்டார்.

நான் ஆறு கண்ணாடிப் போத்தல்களை வீட்டு அலுமாரியில் மூன்று மாதம் வைத்திருந்தேன். ஒன்றிலும் பூஞ்சணம் பிடிக்கவில்லை. "ஓம் ராத்தா, தாங்கும்" என்றேன். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் தோப்பூர்க் கடைக்காரர் ஒருவருக்கு முப்பது போத்தல் தருவதாக ஒப்புக்கொண்டார். கடையொன்று கேட்டு வந்தது அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை காலை வண்டி வர வேண்டும். வெள்ளி பின்னேரம் நான் போனபோது, முப்பதும் ராத்தாவின் குசினி மேசையில் அடுக்கியிருந்தன. அவருடைய மாமியார் தமது சொந்தப் போத்தலை என்னிடம் நீட்டினார். கிரீமின் மேல் கறுப்புப் புள்ளிகள்.

"மாமி, ஒரு நாளைக்கு எத்தினை தரம் பூசுறீங்க?"

"அஞ்சு நேரத் தொழுகைக்கும் ஒளுச் செய்றன். கால் கழுவினா வெடிப்பு தெரியும். தெரிஞ்சா பூசத்தானே வேணும்?"

"கையைத் துடைச்சிட்டா?"

"துடைச்சுத் துடைச்சுப் பூச நான் என்ன கப்பல்ல வந்த வெள்ளைக்காரியா?"

ராத்தா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒன்றாக வந்தன. மூன்று மாதமும் ஒரு மூடியைக்கூட நான் திறந்து பார்க்கவில்லை. இங்கே நாளுக்கு ஐந்து முறை ஈரவிரல் உள்ளே போகிறது.

"கறுவா எண்ணெயக் கூட்டிப் போடுவமா?" என்றார் ராத்தா.

"பூஞ்சணம் சாகும். மாமியிட காலும் எரியும்."

"எரிஞ்சாத்தானே மருந்து வேலை செய்யுது எண்டு அர்த்தம்!" என்றார் மாமி.

கிருமிகள் வளர்வது கற்றாழை நீரில். கறுவா எண்ணெயோ பெரும்பாலும் தேங்காயெண்ணெயோடு ஒட்டிக்கொண்டுவிடும். நீருக்குள் மிஞ்சுவது கொஞ்சம்தான். இதை நான் விளக்கி முடித்ததும் ராத்தா மேசையிலிருந்த முப்பது போத்தல்களையும் ஒருமுறை பார்த்தார். அனுப்பாவிட்டால் அந்தக் கடை கைவிட்டுப் போகும். அனுப்பினால், வயல் சேற்றில் நிற்கும் யாரோ ஒருவரின் வெடித்த காலில் இந்தப் பூஞ்சணம் ஏறும். இரண்டில் எதுவும் நடக்கலாம் என்றேன். பிழை என்னுடையது என்றும் சொன்னேன்.

"பிழையப் பிறகு பங்கு போடுவம். கற்றாழையை விட்டிட்டா?"

"தண்ணியில்லாட்டி பூஞ்சணத்துக்கு வளர இடமில்லை. ஆனா கட்டியா இருக்கும், கிரீம் மாதிரி வெள்ளையா வராது."

அவர் உடனே, அண்ணன்முறையில் நானா என்று தாம் கூப்பிடும் கடைக்காரரை அழைத்து, எல்லோரும் கேட்கும்படி கைபேசியை மேசையில் வைத்தார்.

"நானா, சொன்ன கிரீம் தர ஏலாது. ஈரக் கை பட்டா பழுதாகுது. தண்ணி சேராத தைலம் செஞ்சு தாறன், ஒரு கிழமை அவகாசம் தாங்க."

"என்ன ராத்தா, விக்கிற ஆளே பழுதாகும் எண்டு சொல்றீங்க?"

"நான் சொல்லாட்டி நாளைக்கு உங்கட கடைவாசல்ல நிண்டு சனம் சொல்லும்."

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. "சரி, பத்து அனுப்புங்க. வித்தா மிச்சத்தக் கதைப்பம்."

முப்பது பத்தாகிப்போன கவலை ராத்தாவின் முகத்தில் தெரியவில்லை. அவர் அடுப்பை மூட்டி மெழுகைச் சீவத் தொடங்கினார். முதற் சட்டித் தைலம் ஆறியதும், இம்முறை மூடியைத் திறந்து, ஈரவிரலோடு சோதிக்கும்படி மாமியிடமே கொடுத்தேன்.

"கல்லு மாதிரி இருக்கே" என்று முறைப்பாடு செய்தபடியே, அவர் இரண்டு கால்களுக்கும் பூசி முடித்தார்.