செருப்பு பார்த்து ஆள் எடுப்பவர்

ஏழுமலை முதலில் செருப்பைத்தான் பார்ப்பார். காலையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வேலை கேட்டு நிற்கும் பெண்களின் வரிசையோரம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலை குனிந்தபடி நடந்து வருவார். பஸ்ஸில் வந்தவளின் செருப்பில் வெறும் தூசிதான் இருக்கும். ஏரிக்கரை வழியாக வந்தவளுக்குக் குதிகால் ஓரம் ஈரக் களிமண் அப்பியிருக்கும். "நடந்துகினு வந்தியாம்மா? சரி, போய் வா. சொல்லி அனுப்பறோம்" என்பார். அப்படி யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை.

சத்தியவேடு பக்கம் செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனி அது. அங்கே உள்ளூர் ஆட்களை எடுப்பதில்லை. எங்கும் எழுதி வைத்த சட்டமல்ல. "லோக்கல் ஒத்து", உள்ளூர் ஆள் வேண்டாம் என்று ஹெச்.ஆர். அதிகாரி நாகேந்திரன் தெலுங்கில் முதல் நாளே சொல்லிவிட்டார், அவ்வளவுதான். உள்ளூர்க்காரர்கள் நல்லது கெட்டது என்று ஓடுவார்களாம். ஒருத்தியை அதட்டினால் ஊரே வந்து கேட்டில் நிற்குமாம். தொலைவிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்குகிற பெண்ணுக்கு ஏனென்று கேட்க ஆளில்லை. கம்பெனி நிற்கும் நிலத்தில் ஏழுமலை குடும்பத்துக் கடலைக்கொல்லையும் அடக்கம். உள்ளூர்க்காரனைக் கண்டுபிடிக்க ஓர் உள்ளூர்க்காரன் தேவைப்பட்டதால், கம்பெனிக்கு ஆள் சேர்த்துத் தரும் காண்ட்ராக்டர் அவரை மட்டும் வைத்துக்கொண்டார்.

ஊரில் அவரோடு முகம் கொடுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. டீக்கடைக்குப் போனால், "செருப்ப மறைச்சிக்கோங்கடா, மாமா வர்றாரு" என்று பெஞ்சுக்கு அடியில் காலை இழுத்துக்கொள்வார்கள். அவரும் சிரிப்பார். "நான் பாக்கலன்னா வேற எவனாவது பாப்பான்" என்று டீயை ஊதிக் குடிப்பார்.

சென்ற தை மாதம் அவர் தம்பி கன்னையாவின் மகள் ரூபா அந்த வரிசையில் நின்றாள். செருப்பு பளிச்சென்று இருந்தது. தொலைவில் இருக்கிற வெதுருகுப்பம் அவளுடைய அம்மா பிறந்த ஊர். ஆதாரில் அந்த ஊர் முகவரி. நாகேந்திரன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா?"

"வெதுருகுப்பம் சார்."

"இங்க சொந்தக்காரங்க யாருனா கீறாங்களா?"

"யாரும் இல்ல சார்."

தூக்கி வளர்த்த பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். உள்ளே போகச் சொல்லி ஏழுமலை கேட்டைக் கைகாட்டினார்.

கன்னையாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, திருப்பதிக்குப் போய் டயாலிசிஸ் செய்துவந்த காலம். ரூபாவின் சம்பளத்தில்தான் அது நடந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு அவள் ஹாஸ்டலில் படுத்தாள். பெரியப்பாவை எதிரில் பார்த்தால் மற்றப் பெண்களைப் போலவே ஒதுங்கி வழிவிட்டாள்.

மழை விட்ட ஒரு காலையில் கன்னையா செத்துப்போனார். ரூபாவுக்குப் பயிற்சிக் காலம் முடியவில்லை. சாவு என்று லீவு கேட்டால், சொன்ன ஊருக்குப் போன் போட்டு விசாரித்த பிறகுதான் விடுவார்கள். ஏழுமலை கேன்டீன் பின்புறம் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"நான் வரட்டா பெரிப்பா?"

"வந்தா ரெண்டு பேரு வேலையும் போச்சு. உங்கம்மா இன்னாத்த துன்னுவா?"

அவள் மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மத்தியானம் பாடை எடுப்பது தாமதமாகிக்கொண்டே போனது. ஏழுமலை ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்தார். கட்டிய மாலையை மாற்றச் சொன்னார். பறை அடிப்பவர்களை இன்னும் ஒரு சுற்று அடிக்கச் சொன்னார். அண்ணன்காரன் குடித்திருக்கிறான் என்று முணுமுணுத்தார்கள். அவர் சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. கம்பெனியில் டீ நேரம் வரட்டும் என்று காத்திருந்தார்.

சுடுகாட்டுப் பாதை இப்போது கம்பெனி கேட்டை ஒட்டித்தான் போகிறது. பாதி வழியில் பாடையை இறக்கித் திசை மாற்றித் தூக்குவது அந்த ஊர் வழக்கம். எப்போதும் அரசமரத்தடியில்தான் இறக்குவார்கள். அன்று கேட்டுக்கு நேராக வந்ததும், "இங்க எறக்குங்க" என்றார் ஏழுமலை. தோள் கொடுத்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறக்கினார்கள். பறை நின்றது.

கம்பிகளுக்குப் பின்னால் டீ டம்ளரோடு பெண்கள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் ஒரே நீலக் கோட்டு, ஒரே தொப்பி, ஒரே மாஸ்க். காவலாளி விசில் ஊதினான். ஏழுமலை அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, தோளிலிருந்த துண்டை உருட்டி, தம்பியின் தலைக்கு அடியில் கொடுத்து, மாலைகளுக்கு மேலே முகம் தெரியும்படி தூக்கி வைத்தார்.