முந்தானைக்குள் இருந்த முகம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால் எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்னால், மில்லை மூடியபோது தொழிலாளிகள் நாங்கள் மில் கேட்டுக்கு முன்னால் பந்தல் போட்டுப் போராட்டத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே ஒரு போட்டோக்காரர் தினமும் வருவார். இன்று வெளிநாடுகளில் எல்லாம் பேர் பெற்றவர். எங்களை நிற்கச் சொல்ல மாட்டார், சிரிக்கச் சொல்ல மாட்டார். கூடவே உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் இருப்பதை நாங்கள் மறந்த நேரத்தில் படம் எடுப்பார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒரு வயது ஆகவில்லை. முதல் பிறந்தநாள் வரைக்கும் குழந்தையைப் போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் வீட்டில். சோறு கொண்டுவந்த என் மனைவி, கேமரா தன் பக்கம் திரும்பியதும் இடுப்பிலிருந்த குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிவிட்டாள். பிறந்தநாள் வருவதற்குள் குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. பிறகு எங்களுக்குப் பிள்ளை இல்லை.

போன மாதம் ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்: "பாப்பா மூஞ்சி நெனப்புக்கே வர மாட்டேங்குதுய்யா. மூக்கு உன்னுதா, என்னுதா?"

எனக்கும் தெரியவில்லை.

சில நாள் கழித்துப் பக்கத்து வீட்டு ஆட்டோக்காரன் வந்து சொன்னான். "யோவ், உம் பொண்டாட்டி பீச்சாண்ட ஒரு பங்களாவுல பெருசா தொங்குறாய்யா! உன்னத்தான் எவனும் மாட்டல."

இருவரும் முத்தியால்பேட்டையிலிருந்து நடந்தே போனோம். அந்தப் போட்டோக்காரரின் படங்களைக் கண்காட்சியாக மாட்டியிருந்தார்கள். கதவு அகலத்துக்கு எங்கள் படம். மனைவியின் கை, முந்தானை, அதற்குக் கீழே ஒரு சின்னக் கால். போட்டோக்காரர் அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். மனைவிதான் கேட்டாள்.

"சார், இதுக்கு முன்னாடி பின்னாடி எதுனா எடுத்தீங்களா? கொழந்த மூஞ்சி தெரியறாப்புல?"

அவர் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லம்மா. இது ஒண்ணுதான். நீ மூடறப்ப விழுந்தது இது, ஒடனே கேமராவ எறக்கிட்டேன். வேணாங்கறவங்கள நான் வற்புறுத்தறதில்ல." பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார். "இப்ப பெரிய பொண்ணாயிருப்பாளே, எங்க இருக்கா?"

"நல்லா இருக்கா சார்" என்றாள் மனைவி.

வெளியே வந்ததும், "வயசானவரு, அவருகிட்ட போயி இன்னாத்த சொல்றது" என்றாள். பாப்பா முகத்தை வேறு யாரிடமும் போய்க் கேட்க எங்களுக்கு இடமில்லை.

கார்த்திகை மாதம் பதினோராம் தேதி, வெள்ளிக்கிழமை.