வார்னிஷ் பூசிய பிடி

என் தாய்மாமன் ஈப்போவில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்தார். அதனால் மரத்தைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, பிடி கெட்டுப்போன ஒரு கத்தியை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. பாதி அவர் மேல், பாதி என் மேல்.

அப்போது பத்து காஜா என்ற ஊருக்கு வெளியே பழைய தோட்டத்து வீட்டில் இருந்தோம். தோட்டத்தில் பெரும்பகுதி செம்பனை மரங்களுக்குப் போய்விட்டது. மிச்சமிருந்த ரப்பர் மரங்களில் ஒரு நிரை அம்மாவின் பொறுப்பு. அந்த வரிசை மரங்களில் அவர்தான் பால் வெட்டுவார். அப்பா இல்லாத வீட்டில் அந்த நிரைதான் எங்களுக்குச் சோறு. அந்த வருடம் மழை விட்டபாடில்லை. ஈரம் ஏறி ஏறி அம்மாவின் பால் வெட்டும் கத்தியின் மரப்பிடி கறுத்து, ஊதி, சிலாம்பு கிளம்பிவிட்டது. அம்மா சமையல் எண்ணெயைத் தேய்த்துக் காயவைப்பார். இரண்டு நாள் தாங்கும், பிறகு பழைய கதைதான். உள்ளங்கை முழுக்கப் புண். சோறு பிசையும்போது அவர் முகம் சுளிப்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் வந்த மாமாவிடம் கத்தியைக் காட்டினேன்.

“எண்ணெயா? ஒங்கம்மாவுக்கு ஒன்னும் தெரியலலா,” என்று சிரித்தார்.

அடுத்த வாரம் சீக்கிரம் காயும் வார்னிஷ் ஒரு டின்னோடு வந்தார். அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மாமா ‘கெர்தாஸ் பாசிர்’ என்று சொன்ன மணல்தாளால் பிடியைத் தேய்ப்பது என் வேலை. சிலாம்பெல்லாம் போய் வழவழவென்று ஆனது. வருடக்கணக்காக அம்மாவின் விரல்கள் பதிந்து உண்டான பள்ளங்கள் இருந்தன. அதுவும் பழுது என்று நினைத்து அழுத்தித் தேய்த்து அழித்தேன். மாமா ஒன்று காய ஒன்றாக மூன்று பூச்சு பூசினார். கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரைப் பிடியின் மேல் ஊற்றிக் காட்டினார். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடியது.

“பாத்தியா? ஆத்துல போட்டாலும் ஒரு சொட்டு ஏறாது!”

அம்மா வந்து கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்லா மினுக்குதே,” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அம்மா வேலை முடிந்து வந்தபோது பிடியில் பழைய சேலைத் துணி சுற்றியிருந்தது. “ஈரக் கைக்கு வழுக்குது கண்ணு,” என்றார். நான் ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டேன். நானும் மாமாவும் பாடுபட்டுப் பளபளப்பாக்கியதைக் கந்தலைச் சுற்றி மறைப்பதா? சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தள்ளிவிட்டேன். அம்மா துணியை அவிழ்த்துப் போட்டார்.

“சரி, அழாத. இப்படியே வெட்டுறேன்லா.”

பால் வெட்டுகிறவர்கள் பட்டையைத்தான் சீவ வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் காயப்பட்டு அந்த இடம் புடைத்துப்போகும், பிறகு அதில் வெட்ட முடியாது. இரண்டு வாரம் கழித்து, தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“இருவது வருசமா வெட்டுற நீங்களே இத்தன மரத்தக் காயம் பண்ணி வெச்சிருக்கீங்க. நான் என்னக்கா பண்றது? ஒங்களுக்குக் கை போயிருச்சு. மொதலாளி வேற ஆளப் போடச் சொல்லிட்டாரு.”

அம்மா கத்தியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். “ஆமா தம்பி, கை முன்ன மாதிரி இல்ல,” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த மாமாவும், “வயசாயிருச்சுலக்கா,” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, அம்மா போட்டுக்கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார். மகராசன்.

நிரை போனது. அம்மா பஸ் ஏறிப் போய் டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மங்கும் தட்டும் கழுவினார். நாள் முழுக்கக் கை தண்ணீரில் ஊறியது. உள்ளங்கைப் புண் ஆறவே இல்லை. வீட்டில் எனக்குப் பழைய செல்லம் குறைந்தது, மீன் வாங்குவது நின்றது. எல்லாவற்றுக்கும் எனக்கு அம்மா மேல்தான் கோபம்.

ஒருநாள் சாயங்காலம் அவர் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது அதைச் சொல்லியும் விட்டேன்.

“நாங்க கத்திய எவ்ளோ நல்லா செஞ்சி குடுத்தோம். ஒங்க கைதாம்மா சரியில்ல.”

அம்மா தலை நிமிரவில்லை. “ஆமா கண்ணு, கைதான்,” என்றார்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. கடைசியில் அம்மா தன் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்து, விளையாடப் போய்விட்டேன்.