பத்து மணிச் சூரியன்

எங்கள் வீட்டில் கடிதம் படிக்கும் உத்தியோகம் எனக்கு ஒன்பது வயதில் கிடைத்தது. உம்மா குர்ஆன் ஓதுவாள், தெருப் பெண்பிள்ளைகளுக்கும் ஓதக் கற்றுக்கொடுப்பாள். அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய கிதாபுகளைக்கூடத் தடங்கலில்லாமல் வாசிப்பாள். தமிழ் எழுத்து மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. வாப்பாவுக்குத் தமிழ் படிக்க வரும், பொறுமை வராது. இரண்டு பக்கக் கடிதத்தில் நாலு வரி பார்த்துவிட்டு, "நல்லா இருக்கானாம்" என்று மடித்துக் கொடுத்துவிடுவார். உம்மாவுக்கு அது போதாது. அதனால் நான்.

கடிதம் எழுதுகிற ஆள் ஒருவர்தான், மாமா. உம்மாவின் ஒரே தம்பி. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததும் உம்மாதான் அவரை வளர்த்தாள். மெட்ராஸில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டவர், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஏப்ரல் மாதம் கனடாவுக்கு விமானம் ஏறினார். பழவேற்காட்டில் எங்கள் தெருவிலிருந்து சிங்கப்பூர் போனவர்கள் உண்டு, துபாய் போனவர்கள் உண்டு. கனடா யாருக்கும் எந்தத் திசை என்றே தெரியாது. வாப்பாவின் அக்கா, நான் பெரிய மாமி என்று கூப்பிடுகிறவள், கூடம் நிறையப் பெண்களை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தத் தேசத்துக்குப் போறவன் தொழுகையும் விட்டுடுவான், நோன்பும் விட்டுடுவான். பாத்துக்கினே இரு."

"நான் வளத்த புள்ள. எதை வுட்டாலும் நோன்பை வுட மாட்டான்" என்றாள் உம்மா.

அதை உம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்ன பிறகு அது மாமாவின் நோன்பாக மட்டும் இல்லாமல் உம்மாவின் மானமாகவும் ஆகிவிட்டது.

முதல் கடிதம் மே மாதக் கடைசியில் வந்தது. நீல நிற விமானக் கடிதம். ஊர் பெயர் எட்மண்டன் என்று எழுதியிருந்தார். நான் அதைக் கூட்டி வாசிப்பதற்குள் உம்மா மூன்று முறை "இன்னாடி, இன்னா" என்றாள்.

மாமா போய் இறங்கியபோது அந்த ஊரில் ஒரு மரத்திலும் ஓர் இலை இல்லையாம். ஏதோ பெரிய நோய் வந்து எல்லா மரமும் செத்துப்போயிருக்கிறது, யாரும் வெட்டிப் போடாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாளிடம் துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய கிழவி. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். மே நடுவில் ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பச்சையாகிவிட்டது, கண்ணை மூடித் திறப்பதற்குள் என்று எழுதியிருந்தார். அந்தக் கிழவி உருளைக்கிழங்கை உள்ளே வைத்துக் கொழுக்கட்டை செய்வாளாம். அதில் இனிப்பும் இல்லை, காரமும் இல்லையாம்.

தெருக்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். தொண்ணூற்றைந்தாம் தெருவும் நூற்றுப்பதினெட்டாம் தெருவும் குறுக்கும் நெடுக்குமாக வெட்டிக்கொள்ளும். எல்லாம் அடிக்கோல் வைத்துப் போட்டதுபோல நேராக இருக்கும். "பேர் வெக்க ஒரு பெரிய மனுசன்கூடவா அந்த ஊர்ல பொறக்கல?" என்று உம்மா வருத்தப்பட்டாள். நாம் சாலையோரம் சும்மா நின்றால்கூடக் கார்கள் நின்றுவிடுகின்றன, அதற்காகவே கடக்க வேண்டாத சாலையையும் இரண்டு முறை கடந்தேன் என்று எழுதியிருந்தார். அவர் குடியிருந்தது வீட்டின் அடித்தளத்தில். ஜன்னல் புல்தரை மட்டத்தில் இருந்ததால் போகிறவர் வருகிறவர் கால்கள்தான் தெரியும். இதைப் படித்ததும் உம்மா நெஞ்சில் கை வைத்தாள். மண்ணுக்குக் கீழே போய்ப் படுப்பது ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

வாப்பாவுக்கு வேறு கவலை. அவர் ஏரிக்கரையில் இறால் வாங்கிப் பெட்டியில் அடுக்கிப் பொன்னேரிக்கு அனுப்புகிறவர். கோடையில் ஐஸ் உருகுவதற்குள் பஸ்ஸைப் பிடிப்பதே அவருடைய வாழ்க்கை. மாமாவோ, ஏப்ரலிலும் தெருவோரங்களில் அழுக்கு ஐஸ் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது, கேட்க நாதியில்லை என்று எழுதியிருந்தார். அந்த வரியை வாப்பா என்னை இரண்டாம் முறை படிக்கச் சொன்னார். பிறகு எழுந்துபோய்த் தன் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

ஊருக்கு வெளியே பஸ்ஸில் போனால் நிலம் காற்றில்லாத நாளில் நம் ஏரி கிடப்பதுபோல வானம் வரைக்கும் தட்டையாகக் கிடக்கிறது, தண்ணீருக்குப் பதில் புல் என்றும் எழுதியிருந்தார். கடலுக்குப் போகவேண்டுமென்றால் ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் உட்காரவேண்டும். "வந்து ஒரு மாதம் ஆகிறது. என் மூக்குக்கு இங்கே வேலையே இல்லை" என்று ஒரு வரி. கருவாடு காய்கிற கரையில் பிறந்தவனுக்கு அது பெரிய குறைதான்.

அடுத்த வரி இது: "இரவு ஒன்பது மணிக்கும் வெயில் அடிக்கிறது. ஜூன் மாதத்தில் பத்து மணிக்குத்தான் சூரியன் மறையுமாம்."

இறால் போட வந்திருந்த லைட்ஹவுஸ் குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் வாசலில் குந்தியிருந்தார். அவருக்கு இது பொறுக்கவில்லை. "இன்னா பாய், பத்து மணிக்கு சூரியன் எறங்குச்சுன்னா மீனு எப்போ தூங்கும்? மனுசன் எப்போ தூங்குவான்? உன் மச்சான் கெடியாரத்தைத் திருப்ப மறந்துட்டான்" என்றார். எல்லோரும் சிரித்தோம். உம்மா சிரிக்கவில்லை. விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் நோன்பு ஜூன் மாதத்தில் வந்தது.

விடியும் முன்பு மூன்று மணியிலிருந்து இரவு பத்து மணிவரை பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் பத்தொன்பது மணி நேரம். எங்களுக்குப் பதினாலு மணி நேரமே நாக்கு வெளியே தள்ளும். உம்மா என்னைப் பள்ளிவாசலுக்கு அனுப்பி அஜரத்திடம் கேட்டுவரச் சொன்னாள். சூரியன் மறையும்வரை நோன்புதான், உடம்புக்கு முடியாதவன் விட்டுவிட்டுப் பிறகு வைத்து முடிக்கலாம் என்றார் அஜரத். நான் ஓடிவந்து ஒப்பித்தேன். உம்மா முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டாள்.

நோன்பு தொடங்கியது. நாங்கள் சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் அங்கே காலை ஏழு மணி, தான் வேலைக்குக் கிளம்பும் நேரம் என்று மாமா முதல் கடிதத்திலேயே எழுதிவைத்துவிட்டார். அது உம்மாவுக்கு வினையாகப் போயிற்று. பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போடுவாள். கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் எடுத்து, "அவன் இப்பத்தான் பட்டறைக்குப் போறான்" என்பாள். பாதிக் கஞ்சி அப்படியே இருக்கும். அவள் இளைத்துக்கொண்டு வந்தது எனக்கே தெரிந்தது.

பதினெட்டாம் நோன்பன்று இரண்டாவது கடிதம் வந்தது. மதியத் தொழுகை முடிந்து, ஓதுவதற்காகத் தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் எங்கள் கூடத்தில் இருந்தார்கள். நடுநாயகமாகப் பெரிய மாமி. நான் சத்தமாகப் படித்தேன். கறுப்பும் வெள்ளையுமாக நீள வால் வைத்த ஒரு பறவை காக்கையை மிஞ்சுகிற திருடனாக இருப்பதைப் பற்றி எழுதியிருந்தார். பஸ் ஓட்டுகிற பெண்களைப் பற்றி எழுதியிருந்தார். தெரியாமல் இடித்தால் இடிபட்டவனும் மன்னிப்புக் கேட்கிறானாம். நோன்பைப் பற்றி ஒரு சொல் இல்லை.

"நோன்பு பத்தி ஒண்ணும் எழுதலியா?" என்றாள் பெரிய மாமி, மிக அன்பாக.

நான் கடிதத்தைத் திருப்பினேன். பசை ஒட்டுகிற மடிப்பில் பொடி எழுத்தில் நாலைந்து வரிகள் இருந்தன. "பாப்பா, இது உனக்கு மட்டும், படித்துக் காட்டாதே. இரண்டு நோன்பு வைத்தேன். மூன்றாம் நாள் பட்டறையில் மயங்கி விழுந்தேன். கையில் நெருப்போடு விழுகிறவனை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வைக்கவில்லை. அக்கா தாங்க மாட்டாள். யாரிடமாவது சொல்லவேண்டும்போல இருந்தது."

பன்னிரண்டு ஜோடிக் கண்கள் என் மேல் இருந்தன. உம்மா கண்களைக் குர்ஆன் பலகையை விட்டு எடுக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அடுத்த நொடி, அந்தப் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எழுதியிருக்காரு மாமி" என்று வாசிக்க ஆரம்பித்தேன். எட்மண்டன் வெயில் நம் ஊர் நிலா வெளிச்சம்போலக் குளுமையாக இருக்கிறது, அதனால் தாகமே எடுப்பதில்லை. பத்தொன்பது மணி நேரம் போவதே தெரியவில்லை. பள்ளிவாசலில் எல்லா நாட்டுக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து நோன்பு திறக்கிறோம். நோன்புக் கஞ்சி நம் ஊர்க் கஞ்சியைவிட ருசி, தினமும் ஆசையாக இரண்டு கிண்ணம் வாங்கிக் குடிக்கிறேன். இப்படி ஒரு மூச்சில் அடித்துவிட்டேன். மாமா பார்த்த எட்மண்டனைவிட என் எட்மண்டன் நன்றாகவே இருந்தது. பெண்கள் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். பெரிய மாமி எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

உம்மா என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு கிண்ணமா?" என்றாள்.

"ஆமா உம்மா."

"சரி. போதும், மடி."

அன்று சாயங்காலம் உம்மா கஞ்சியை மீதி வைக்காமல் குடித்தாள். அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. பொய் சொன்ன உறுத்தல் கொஞ்சமும் இல்லை.

பெருநாள் முடிந்து ஒரு வாரத்தில் உம்மா மறுபடியும் நோன்பு வைக்க ஆரம்பித்தாள். பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் நோன்பு விட்டுப்போகும், அதைப் பிறகு வைத்து முடிப்பார்கள். காரணம் தெரியாவிட்டாலும் வழக்கம் எனக்குத் தெரியும். எனக்கு அதில் ஒரு தனிக் கஷ்டம் இருந்தது. நோன்பாளி சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பதால் உப்புப் பார்க்கிற வேலை என்னுடையது. கொதிக்கிற மீன் குழம்பைக் கையில் விட்டு நக்கச் சொல்வாள், நாக்கு வெந்துபோகும். பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் கூப்பிடுவாள். கோபத்தில் சமையலறைக் கதவின் பின்பக்கம், நாளுக்கு ஒன்றாகக் கரியால் கோடு போட்டுவந்தேன்.

பக்கத்து வீட்டு மாமி ஏழு நாளில் முடித்துவிட்டாள். எங்கள் வீட்டில் பத்து ஆயிற்று, இருபது ஆயிற்று. வாப்பா உம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல ஏரிக்குப் போய்விடுவார். ஒருநாள் நான் கேட்டேவிட்டேன்: "எல்லாரும் முடிச்சிட்டாங்க, உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ?"

"எனக்குக் கொஞ்சம் சாஸ்தி" என்றாள். "உப்புப் பாரு."

முப்பத்தேழாவது கோட்டோடு நின்றது. கணக்குப் பிசகியவள் உம்மாதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அதன்பின் ஊருக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில், அதுவும் ஒரு நோன்பு மாதத்தில். முன்வழுக்கை விழுந்து, ஆள் பெருத்திருந்தார். முதல் நாள் சாயங்காலம் பாங்கு சொன்னதும் எல்லோருக்கும் நான் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்தேன். மாமாவின் கிண்ணத்தருகே கரண்டி போனபோது உம்மா என் கையைப் பிடித்தாள்.

"அவனுக்கு வேணாம். சின்ன வயசுலேர்ந்தே அவனுக்குக் கஞ்சி ஆகாது. மூக்கைப் புடிச்சு ஊத்துனாகூட வாந்தி எடுத்துடுவான். சமோசா வை" என்றாள்.

ஆசையாக இரண்டு கிண்ணம் என்று பன்னிரண்டு பேர் முன்னால் வாசித்தவள் நான். உம்மா எனக்கும் ஒரு சமோசா வைத்தாள்.

சாப்பிட்டு முடித்தபின் மாமாவே பேச்சை எடுத்தார். இத்தனை வருடம் கழித்து அவருக்குச் சொல்லிவிடத் தோன்றியிருக்கிறது. "அக்கா, மொதல் வருசம் நான் நோன்பு முழுசா வெக்கல. ரெண்டுதான் வெச்சேன். மீதி இருபத்தெட்டையும் டிசம்பர்ல வெச்சு முடிச்சிட்டேன். அங்க அப்போ சாயங்காலம் நாலரைக்குள்ள பொழுது போயிடும், நோன்பு வெக்கிறதே தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

உம்மாவுக்குக் கோபம் வரவில்லை. முழுசா வைக்கவில்லை என்றதற்கு ஆச்சரியம்கூட வரவில்லை.

"ரெண்டு வெச்சியா?" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு வெச்சிருக்கானாமேடி" என்றாள்.

கதவின் பின்னால் நான் போட்ட முப்பத்தேழு கோடுகளில், பக்கத்து வீட்டு மாமியைப்போல அவளுக்கும் ஏழு, மாமாவுக்கு முப்பது. உயிரோடிருக்கிற ஒருவருக்காக இன்னொருவர் நோன்பு வைத்தால் செல்லாது என்று தெருப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவளே உம்மாதான். கடிதத்தின் மடிப்பில் இருந்ததை இருந்தபடி நான் படித்திருந்தால் இரண்டு நாளாவது அவள் சாப்பிட்டிருப்பாள்.