சாட்சிக்குப் போகும் வழியில் மூன்று நாணயங்கள்

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கொலையைக் கண்ணால் பார்த்தவன் நான். இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும்.

போகலாமா, தென்காசிக்கே திரும்பிவிடலாமா? சீனர்களின் பழைய குறி முறைப்படி மூன்று ஐம்பது பைசா நாணயங்களை ஆறு முறை உருட்டி, விழுந்தபடி தாளில் ஆறு கோடு போடுகிறேன். அந்தக் கோடுகளுக்குப் பலன், ஆபத்தின் மேல் ஆபத்து என்று வருகிறது.

"என்ன அண்ணாச்சி, காசை உருட்டிக்கிட்டே இருக்கீக?" என்கிறாள் பக்கத்தில் பூ விற்கும் பெண்.

"போகவா வேண்டாமான்னு குறி பார்க்கேன்."

"வேண்டாம்னு விழணும்னுதான உருட்டுதீக? மூஞ்சியே சொல்லுதே."

அவள் சொல்வது உண்மை. எழுந்து போய் பஸ்ஸில் ஏறுகிறேன். கொலை செய்தவனின் தம்பி பின்னாலேயே ஏறி என் பக்கத்தில் உட்காருகிறான். கண்டக்டர் வந்ததும், அவனுக்கும் கேட்கும்படி, "ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் ஒண்ணு" என்கிறேன்.