வலைக்கு அந்தப் பக்கம் அவள்

பி.யு.சி. கடைசிப் பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் எல்லோரும் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். என் கண் மட்டும் மைதானத்துக்குப் போனது. பியூன் த்ரோபால் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தோன்றியது: பரீட்சைதானே முடிந்தது, டீம் ஏன் முடிய வேண்டும்?

ஓடிப்போய் அவள் ஜடையைப் பிடித்து இழுத்தேன். அவள் எங்கள் கேப்டன். ஸ்ரீராம்புரத்தில் எங்களுக்கு அடுத்த சந்து. ஐந்தாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவள்.

"ஏய், ஞாயித்துக்கிழமைல நாமளே ஆடலாம்டி. கார்ப்பரேஷன் கிரவுண்டுல. ஏழு பேரும்."

"மொதல்ல ஜடைய வுடு. நீ பிசிக்ஸ்ல பாஸாவியான்னு பாரு, அப்புறம் டீமு."

சரி என்று சொல்லவில்லை. ஆனால் சிரித்தாள். எனக்கு அது போதும்.

அவள் ஆடுவதைச் சொல்லியாக வேண்டும். த்ரோபாலில் பந்தைப் பிடித்தவள் மூன்று விநாடிக்குள் எறிந்துவிட வேண்டும். எனக்கு அந்த மூன்று விநாடியும் பதற்றம். அவளுக்கோ அது ஏகப்பட்ட நேரம். எதிர்ப்பக்கம் எவள் துப்பட்டாவைச் சரிசெய்கிறாள், எவள் பக்கத்தில் இருப்பவளை நம்பி நிற்கிறாள் என்று நிதானமாகப் பார்த்து, சரியாக அங்கே போடுவாள். போட்டுவிட்டு, "ஸாரி கணே" என்று கன்னடத்தில் மன்னிப்பு வேறு. தோற்ற பெண்கள்கூட அவளோடு சிரித்துக்கொண்டேதான் போவார்கள்.

இருவரும் பாஸானோம். நான் பி.எஸ்ஸி. சேர்ந்தேன். அவள் வீட்டு நிலைமைக்கு உடனே சம்பளம் வேண்டியிருந்தது. பொம்மசந்திராவில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். டிகிரியை அப்புறம் கரஸில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். முதல் ஞாயிறு கிரவுண்டுக்கு ஆறு பேர் வந்தோம். அடுத்த ஞாயிறும் ஆறு பேர்தான். கேப்டன் இல்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"இன்னாடி, வரவே மாட்டேங்கற?"

"ஞாயித்துக்கிழம டூட்டி. புதன்தான் எனக்கு வீக்லி ஆஃப். கரண்டு பத்தலன்னு ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு நாளு லீவு வுடறாங்க."

"புதன்கிழம எனக்கு கெமிஸ்ட்ரி லேப்."

"அப்ப கெமிஸ்ட்ரிக்கு லீவு வுடச் சொல்லு."

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்படி ஆடுகிற ஒருத்தி பதினெட்டு வயதிலேயே பந்தைக் கீழே வைத்துவிடுவாளா? வைத்துவிட்டால், பிறகு நாங்கள் இருவரும் சந்தில் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்கிறவர்களாக ஆகிவிடுவோமே. அதுதான் என் பயம்.

ஒரு ஞாயிறு இரண்டு பஸ் மாறி பொம்மசந்திரா போனேன். ஷிப்டை மாற்றச் சொல்லிக் கேள் என்று அவளிடம் பேச வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். கேட்டுக் கம்பிகளுக்கு உள்ளே, சைக்கிள் ஷெட்டுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவே ஒரு கயிறு. அதன் இரண்டு பக்கமும் நீலக் கோட்டு போட்ட பெண்கள். நடுவில் அவள், கையில் பந்தோடு.

என்னைப் பார்த்ததும் பந்தை அந்தப் பக்கம் எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"இங்க எங்கடி வந்த?"

"உன்னக் கூட்டிகினு போக. டீமுக்கு."

"டீமு இங்க கீது பாரு. அந்த அக்காவப் பாத்தியா, ரெண்டு புள்ளைங்களுக்கு அம்மா. வந்த புதுசுல பந்து வந்தா கண்ண மூடிக்குவாங்க."

அந்த அக்கா பாய்ந்து பந்தைப் பிடித்தார். பிடித்த கையோடு எங்களைப் பார்த்து, "பேக பாரே!" என்று கத்தினார், சீக்கிரம் வா என்று.

என் ஒத்திகையெல்லாம் போன இடம் தெரியவில்லை. இருந்த டீமைக் கலையவிடாமல் காப்பாற்ற நான் தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருந்தேன். அவளோ, சாப்பிட்டது போக மிஞ்சிய நேரத்தில் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிட்டிருந்தாள். அதுவும் யாரையும் கெஞ்சாமல்.

"நவம்பர்ல கன்னட ராஜ்யோத்சவத்துக்கு நம்ம ஏரியாவுல மேட்ச் வெப்பாங்க இல்ல? அன்னிக்கு கம்பெனிக்கும் லீவு. நாங்க பேரு குடுக்கறோம்."

"அப்ப நானும் உங்க டீம்ல..."

"ஒத வாங்குவ. இது கம்பெனி டீமு. நீ காலேஜு. உன் காலேஜு டீமக் கூட்டிகினு எதிர்ல வா."

"எதிர்லயா?"

"ஏன், பயமா கீதா?"

பயம்தான். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து யோசித்தேன். இத்தனை வருடமும் அவள் எறியும் பந்தைப் பின்னால் நின்றுதான் பார்த்திருக்கிறேன். அது முகத்துக்கு நேரே எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

நான் இப்போது படிக்கும் காலேஜில் வலை கிடையாது. பி.டி. மிஸ்ஸுக்கு ஓட்டப்பந்தயத்தைத் தவிர எதுவும் விளையாட்டே இல்லை. பழைய ஆறு பேரில் என் காலேஜில் இருப்பது இன்னொருத்தி மட்டும். ஆக, ஐந்து பேர் வேண்டும். போன வாரம் வகுப்பில் பெஞ்சிலிருந்து சறுக்கிய டிபன் பாக்ஸை, ஒரு பருக்கை சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்தினாள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி. நாளைக்குக் காலையில் முதலில் அவளைப் பிடிக்க வேண்டும்.